சொந்த நடை

சத்திரம் பேருந்து நிலையத்தில், காலை பத்தேகால் மணி வெயிலில், வெள்ளரிப்பிஞ்சுக் கூடைக்கும் ஸ்ரீரங்கம் பேருந்துக்கு முண்டியடிக்கும் கூட்டத்துக்கும் நட்டநடுவே சஷ்டிகா நின்றுகொண்டிருந்தாள். யாருக்காகவும் காத்திருக்கவில்லை. களைப்பும் இல்லை. போக வேண்டும் என்றுதான் நினைத்தாள். கால் போகவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அவளுக்கே விளங்கவில்லை. வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போ என்று மனசு சொன்னது. முட்டிக்குக் கீழே குறுகுறுவென்று ஊறியது. கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி போலக் கால் துடித்தது. பாதம் மட்டும் பெயரவில்லை. குனிந்து பார்த்தாள். அவளுடைய செருப்பு, அவளுடைய கால், சுண்டுவிரலில் அவளே கட்டிக்கொண்ட பச்சைத் துணி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"நடுவழியில நட்டுவச்ச மாதிரி நிக்கிறியேம்மா, வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று பெட்டியைத் தலையில் வைத்திருந்தவர் இடித்துவிட்டுப் போனார். காலேஜ் பெண்கள் இரண்டு பேர் சுற்றிக்கொண்டு போனார்கள். நாற்பது நிமிடம். ஆமாம், முழுசாக நாற்பது நிமிடம். கடைசியில் போக்குவரத்துக் காவல்காரப் பெண் விசிலை ஊதி, "ஏம்மா, உன்னத்தான்! ஓரமாப் போ!" என்று கத்தினாள்.

கால் உடனே போனது. சொன்ன பேச்சு தட்டாத பிள்ளை போல ஓரமாகப் போய், ஓரத்திலேயே நின்றுகொண்டது.

சஷ்டிகாவுக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"அக்கா, என்னயப் பாத்து, 'வீட்டுக்குப் போ'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

அந்த அம்மாள் நாரைப் பல்லில் கடித்தபடி ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன எழவோ. போடியம்மா வீட்டுக்கு."

உறையூர் வரை கால் ஒரே மூச்சில் நடந்தது.

சஷ்டிகாவின் தொழிலே நடைதான். நடையாள் என்று பேர். திருச்சியில் மட்டும் அப்போது எண்ணூறு பேர் இருந்தார்கள். கெண்டைக்காலில் ஒரு மெல்லிய உறை, இடுப்பில் ஒரு பட்டை, காதில் ஒரு பொட்டு. அங்கே வீட்டில் படுத்திருக்கிறவர் தலையில் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டால், இங்கே இவளுடைய கால் அவருடைய காலாகிவிடும். அவர் நினைக்கிற பக்கம் நடக்கும். இவள் பார்ப்பதை அவர் பார்ப்பார், இவள் மிதிக்கிற மண்ணின் சூடு அவருக்கு உறைக்கும். 'ஆள் ஏறிட்டாரு', 'ஆள் எறங்கிட்டாரு' என்று நடையாட்கள் சொல்வார்கள், என்னமோ சாமி ஏறி இறங்குகிற மாதிரி. நெஞ்சில் ஒரு சின்னத் திரை. ஏறியிருப்பவரின் பேர் அதில் ஓடும்.

மூன்று வருஷமாக இந்த வேலை. ஒருவர் இறங்கினால் அடுத்தவர். நிற்க நேரமில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவள்தான், இப்போது நிற்பதைத் தவிர வேறொன்றும் முடியாமல் நின்றாள்.

மறுநாள் மேம்பாலத்துக்குக் கீழே, நடையாட்கள் டீ குடிக்கிற இடத்தில், ஜன்னத்திடம் சொன்னாள். ஜன்னத்தும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கேட்டுவிட்டு ஜன்னத் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நின்னுட்டியா?"

"அப்படின்னா?"

"அப்படித்தான் சொல்றது. ஊருக்கெல்லாம் நடந்து நடந்து, காலு இனி யாராவது சொன்னாத்தான் போகும். பயிற்சியில சொன்னாங்களே, ஒவ்வொரு ஆளு எறங்கினதும் இருபது நிமிசம் சொந்த நட போகணும்னு? உறைய கழட்டி வச்சிட்டு, கால் போன போக்குல. கடைக்குன்னு போகக் கூடாது, வேலைக்குன்னு போகக் கூடாது. நீ போனியா?"

சஷ்டிகா யோசித்தாள். அந்த இருபது நிமிடத்தில்தான் அடுத்த ஆளுடைய இடத்துக்கு ஓடுவாள். நேரம் மிஞ்சினால் மாமியாருக்கு வெற்றிலை, மகளுக்கு நோட்டு. போகும்போது போன் வேறு காதில் 'இடப்புறம் திரும்பவும்' என்று சொல்லிக்கொண்டே வரும். மூன்று வருஷத்தில் ஒரு அடி, ஒரே ஒரு அடி, தனக்குத் தோன்றியது என்பதற்காக எடுத்து வைத்த நினைவில்லை.

"நேத்து அடுத்த ஆளு வரலன்னுட்டாரு. போன்ல சார்ஜும் இல்ல" என்றாள்.

"அதான் தெரிஞ்சுது. இல்லன்னா தெரிஞ்சிருக்காது. நம்மள்ல பாதிப் பேரு போன் சொல்லித்தான் வீடு போய்ச் சேர்றோம்."

"வீட்டுலகூட யாருக்கும் தெரியலையேடி."

"வீட்டுல எப்படித் தெரியும்? பொம்பளைக்கி வீட்டுல உத்தரவுக்கா பஞ்சம்?"

அது என்னவோ வாஸ்தவம்தான். ஓசூர்த் தொழிற்சாலையில் இருந்த புருஷன் மாதம் ஒருமுறை வருவான். மற்ற நாளெல்லாம் மாமியார் 'தண்ணி கொண்டா' என்றால் கொண்டுவந்தாள், மகள் இதழி 'அம்மா இங்க வா' என்றால் வந்தாள். நல்ல மருமகள், சுறுசுறுப்பு என்று தெருவே சொன்னது.

"வெள்ளிக்கிழம எனக்கு நடைச் சோதனை இருக்கு" என்றாள் சஷ்டிகா.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். 'எவர் ஏவலும் இன்றி, சொந்த விருப்பில், முப்பது அடி நடந்து காட்ட வேண்டும்' என்று சட்டத்தில் எழுதியிருந்தது. தேறினால்தான் வேலை. தேறினால்தான் மதுமிதா மேடத்தின் ஒப்பந்தமும்.

மதுமிதா நியூஜெர்சியில் இருந்தாள். அவள் அம்மா இங்கே, கொள்ளிடக்கரைக் குடியிருப்பில், கண் தெரியாமல் படுத்திருந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் மதுமிதா சஷ்டிகாவின் கால்களில் ஏறி அம்மாவின் அறைக்குள் நடப்பாள். குதிகாலை அழுத்தி வைக்கிற ஒரு தனி நடை அது. அந்தச் சத்தம் கேட்டதும் கிழவியின் முகம் மலரும். "மது வந்துட்டியா?" என்பார். பட்டையிலிருந்து மகளின் குரல் "வந்துட்டேம்மா" என்னும். அந்த நேரத்தில் சஷ்டிகாவுக்கே தான்தான் மகள் என்று தோன்றிவிடும், பொய் சொல்லக் கூடாது.

ஆனால் மேடம் இறங்கிவிட்டால் கதை வேறு. உள்ளே வரும்போது வாசல் காவலாளி எழுந்து நின்று பெரிய கேட்டைத் திறப்பான். நெஞ்சில் பேர் அணைந்ததும் அதே ஆள், "அந்தப் பக்கம் சின்ன கேட் இருக்கு பாரு" என்பான். அதே கால், அதே செருப்பு.

இப்போது மதுமிதா முழுநேரம் கேட்டாள். ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம். பின்னால் தங்கிக்கொள்ள ஒரு அறை, இதழிக்கு அந்தக் குடியிருப்புக்குள்ளேயே இருக்கிற பள்ளியில் இடம். "நீங்களும் ஒரு படி மேல வருவீங்கக்கா" என்று கம்பெனி மேற்பார்வையாளன் அஷ்வந்த் சிரித்தான். நல்ல பையன் போலத்தான் இருப்பான். எதையும் 'வாங்க, போங்க' என்று மரியாதையாகத்தான் சொல்வான். ஒருவர் தன் உடம்பை முழுநேரம் கொடுக்க வேண்டுமென்றால், அது அவர் சொந்த விருப்பம்தான் என்பதற்கு நடைச் சான்று வேண்டுமாம்.

இதழி அந்தப் பள்ளிச் சீருடையைக் கணினியில் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். சஷ்டிகாவுக்கு வேறென்ன வேண்டும்? எப்படியாவது தேறிவிட வேண்டும். அதுவரை அவள் பயமெல்லாம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பயம் மாறியது.

மாமியாரும் இதழியும் லால்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அவள் ஒருத்தி. மாமியார் சொல்லிவிட்டுப் போனபடி பாலை அடுப்பில் வைத்துவிட்டு, சட்டை ஒன்றை மடித்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். போன் படுக்கையறையில் கிடந்தது. பால் பொங்குகிற வாசனை வந்தது. போ, என்றது மனசு. பொங்கி வழிந்து கருகுகிற நாற்றம் வந்தது. போ, போ, பாவி, போய்த் தொலை! பாத்திரம் சிவந்து, பிடித்துணி பற்றி, புகை கூடத்துக்கு வந்து கண்ணைக் கரித்தது. சஷ்டிகா இருமிக்கொண்டு நின்றாள். கண்ணீர் வழிய வழிய நின்றாள். கால் இரண்டும் உள்ளுக்குள் கிடந்து பதறின, ஆனால் யாரோ வந்து சொல்வதற்காகக் காத்திருந்தன.

பக்கத்து வீட்டுக்காரி சன்னலில் முகத்தை வைத்து, "அடியே சஷ்டிகா! அடுப்ப அணைடி!" என்று அலறினாள். அப்புறம்தான் கால் அடுப்படிக்குப் போனது.

புதன்கிழமை பிலோமின்ராஜ் அண்ணன் ஏறினார். பாலக்கரைக்காரர், ஓய்வுபெற்ற நகரப் பேருந்து நடத்துநர். முப்பது வருஷம் ஓடுகிற வண்டியில் விழாமல் நின்றவர், சொந்த வீட்டு மாடிப்படியில் விழுந்து முதுகு போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு மணி நேரம், சஷ்டிகாவின் கால்களில் ஊர் சுற்றுவார். அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. அவரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அவள் கண்ணால் பார்ப்பவருக்கு அவள் முகம் எப்படித் தெரியும்? ஆனால் நடையாட்கள் ஏறிய ஆளின் குணத்தைக் காலாலேயே அறிவார்கள். பிலோமின் அண்ணனுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. காந்தி மார்க்கெட்டில் மூன்று கடையில் சின்ன வெங்காயம் விலை கேட்பார், ஒன்றிலும் வாங்கமாட்டார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், அவருக்கு இரண்டும் சும்மா இல்லை.

"போலாம் ரைட்!" என்றது காதில் அவர் குரல். கால் கிளம்பியது. காவிரிப் பாலத்தில் பாதி தூரம் போனதும் அவரே கேட்டார்.

"ஏம்மா சஷ்டி, என்னாச்சு உனக்கு? எப்பவும் பாலத்துல காத்து வந்தா உன் காலு லேசா எட்டிப் போடும். நான் போகச் சொல்றதுக்கு முன்னாடி அரை அடி அது போகும். இப்ப ரெண்டு மாசமா ஒண்ணுமே இல்ல. காலி வண்டிய ஓட்டுற மாதிரி இருக்கு."

சஷ்டிகா அங்கேயே அழுதுவிட்டாள். பேருந்து நிலையம், பால், புகை, வெள்ளிக்கிழமைச் சோதனை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே அவளைக் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தினார்.

"அப்ப உன் காலத் தேய்ச்சதுல நானும் ஒருத்தன்."

"அதெல்லாம் இல்லண்ணே."

"இல்லாம? ஒரு நாளாவது, 'சொந்த நட போனியா'ன்னு நான் கேட்டேனா? நேரம் முடியப் போகுதுன்னா இன்னொரு தெருவக் காட்டுன்னுதான் கேட்டிருக்கேன்." அப்புறம் குரல் தாழ்ந்தது. "வெள்ளிக்கிழம நான் ஏறிக்கிறேன். உறைய சுடிதாருக்குள்ள மறைச்சுக் கட்டிக்க. முப்பது அடிதான? நான் நடந்து குடுத்துர்றேன்."

"கள்ளத்தனமாவாண்ணே?"

"முப்பது வருசமா டிக்கெட் இல்லாம வந்தவன எறக்கிவிட்டவன் சொல்றேன். ஒரு தடவ நான் வித்தவுட்ல வர்றேன், போ."

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு கேட்டுக்க. ஓட்டுறது டிரைவருதான். ஸ்டியரிங்கு, கியரு எல்லாம் அவன் கையில. ஆனா வண்டி கெளம்புறது யாரு வாயில? கண்டக்டரு வாயில. நான் 'ஹோல்டேன்'னா நிக்கணும், 'ரைட்'டுன்னா போகணும். நீ மூணு வருசமா வண்டிய மட்டும் வாடகைக்கு விடலம்மா. விசிலயும் சேத்துக் குடுத்துட்ட."

வெள்ளிக்கிழமை தில்லைநகர் அலுவலகத்தில் வரிசை வாசல்வரை நின்றது. உள்ளே நுழையும் இடத்திலேயே ஒரு பெண் ஆளுக்கு ஆள் ஒரு தட்டை நீட்டினாள். "உறை, பட்டை, போன் எல்லாம் இங்க வச்சிட்டுப் போங்க." கையில் ஒரு கருவி, காலருகே வைத்தால் கூவும். சஷ்டிகாவின் கெண்டைக்காலில் அது கூவியது. பெண் ஒன்றும் திட்டவில்லை. "நெறையப் பேரு இப்படித்தான் வருவாங்க. கழட்டி வச்சிட்டு உள்ள போங்க" என்றாள்.

கழற்றி வைத்தாள். பிலோமின் அண்ணன் இறங்கிப் போனார். உள்ளே போங்க என்றதால் கால் உள்ளே போனது. இனி ஆள் இல்லை, போன் இல்லை. அந்த அறையில் பேச்சே இருக்காதாம். உன்னை விட்டுவிட்டுச் சும்மா பார்ப்பார்களாம். அப்படித்தான் ஜன்னத் கேள்விப்பட்டிருந்தாள். இதழி வரைந்த சீருடை கண்முன்னே வந்து வந்து போனது.

தரையில் மஞ்சளாக ஒரு கோடு. முப்பது அடி தள்ளி வெள்ளையாக ஒரு கோடு. மேசையில் இருந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவருக்கு அவள் நாற்பத்தேழாவது ஆள்.

"சஷ்டிகா சுதர்சன். மஞ்சக் கோட்டுல நில்லுங்க."

போய் நின்றாள்.

"ம். நடங்க."

கால் நடந்தது. அழகாக, நேராக, தயக்கமில்லாமல் நடந்தது. வெள்ளைக் கோட்டில் போய் நின்றது.

"பாஸ். அடுத்து!"

ஒரு கணம் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அப்பாடா! தேறிவிட்டேன்! இதழிக்குப் பள்ளி! அடுத்த கணம் அந்தச் சந்தோஷம் நழுவியது. என்ன சொன்னார் அவர்? நடங்க என்றார். சொன்னார், நடந்தேன். எவர் ஏவலும் இன்றி என்று எழுதிவைத்த சோதனையை, ஏவித்தான் நடத்துகிறார்கள். அப்படியென்றால் இதில் தேறாத ஆளே கிடையாது. எண்ணூறு பேரும் நின்றுவிட்டாலும் எண்ணூறு பேரும் பாஸ்தான்.

சுவரோரம் பார்த்தாள். அவளுக்கு முன்னால் தேறியவர்கள் கையில் சான்றோடு வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் வெளியே போகவில்லை. நீலச் சேலை கட்டிய ஒரு பெண் அங்கே இருந்தாள். அவளுக்கு அதுவே வேலை. ஒவ்வொருவரிடமாகப் போய், "வாங்க, இப்படி வாங்க, வாசல் பக்கம் போங்க" என்றாள். சொல்லப்பட்டவர்கள் போனார்கள். சொல்லப்படாதவர்கள் நின்றார்கள். கடைசியில் நின்ற ஒருத்திக்குச் சஷ்டிகாவின் வயதுதான் இருக்கும். முழுநேரக்காரி என்பது அவள் போட்டிருந்த கம்பெனிச் சட்டையிலேயே தெரிந்தது. மூக்கில் உட்கார்ந்த ஈயைக் கையால் ஓட்டினாள். கால் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே இருந்தது. யாரோ அவளை அப்படித் திரும்பச் சொல்லிவிட்டு மறந்துவிட்டார்கள் போல.

தெரியாமல் நடக்கிற தப்பில்லை. இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் சம்பளம் கொடுத்து 'வாங்க' சொல்வதற்கு ஆள் வைத்திருக்கிறார்கள்!

"சூப்பர்க்கா!" அஷ்வந்த் எதிரே ஒரு மேசையில் காகிதத்தோடு இருந்தான். திரையில் மதுமிதாவின் முகம். அங்கே நடுராத்திரி தாண்டியும் தூங்காமல் இருந்தாள். "வாங்கக்கா, இந்த மேசைக்கு வாங்க. மேடம் உங்களுக்காகக் காத்திருக்காங்க."

கால் கிளம்பிவிட்டது. மேசை பத்தடி. எட்டடி. நாளைக்கு அந்தக் குடியிருப்பில் பின்னறையில் பதினாலு மணி நேரம் முடிந்து மேடம் இறங்கியதும், இதழிக்குக் காய்ச்சல் என்றால்? இதழி பக்கத்து அறையில் புகையில் இருமினால்? 'அம்மா வா' என்று கூப்பிடக்கூட முடியாமல் கிடந்தால்?

"ஹோல்டேன்!" என்று கத்தினாள்.

அறை முழுவதும் திரும்பியது. தான் அப்படிக் கத்துவோம் என்று அவளுக்கே தெரியாது. கால் நின்றது. மேசைக்கு மூன்றடி இருக்கும்போது நின்றது.

"என்னக்கா?"

"எனக்கு வேணாம் தம்பி. மேடம், மன்னிச்சுக்கங்க. உங்க அம்மா நல்லா இருக்கணும். ஆனா என் காலு என் பொண்ணுகிட்டப் போகணும்னா, அது என் பேச்சக் கேட்டுப் போகணும்."

மதுமிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா என்னைக் கேப்பாங்களே" என்று மட்டும் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட சஷ்டிகா தாங்கியிருப்பாள்.

அஷ்வந்த் திரையை அணைத்தான். சிரிப்பு மாறவில்லை. "பதட்டத்துல பேசுறீங்க. ஒண்ணும் அவசரமில்ல. இங்கயே நின்னு நிதானமா யோசிங்கக்கா. நான் சாப்பிட்டு வந்துர்றேன்." நீலச் சேலைக்காரியிடம், "அக்காவத் தொந்தரவு பண்ணாத, யோசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பாருங்கள், கதவைப் பூட்டவில்லை. கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. இங்கயே நின்னு என்றான், அவ்வளவுதான். கால் நின்றுவிட்டது.

அரை மணி நேரம் போயிற்று. வரிசையில் இருந்தவர்கள் பாஸாகிக்கொண்டே இருந்தார்கள். முதுகெல்லாம் வேர்த்து ஒட்டியது. போ என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். ஏசிப் பார்த்தாள். மனசு சொன்னது எதுவும் காலுக்குக் கேட்கவில்லை. ஆனால் சற்று முன்னால் கேட்டதே? வாய் திறந்து கத்தியபோது கேட்டதே?

"போலாம்" என்று முணுமுணுத்தாள். ஒன்றுமில்லை. நீலச் சேலைக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மானம் போகிறது. போனால் போகட்டும், கால் போனால் போதும். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசிப் படிக்கட்டில் தொங்குகிறவனுக்கும் கேட்கிற மாதிரி, அண்ணன் கத்துவதைப் போலவே அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"போலாம் ரைட்!"

வலது கால் எழுந்தது.

விழுந்துவிடுவாள் போல இருந்தது. சமாளித்தாள். "ரைட்! ரைட்! வா வா வா!" இடது கால் வந்தது. அதிகாரி அன்றைக்கு முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். சுவரோரம் நின்ற முழுநேரக்காரியிடம் வந்ததும், "ஹோல்டேன்" என்று தன் காலை நிறுத்தி, "இந்தப் பக்கம் திரும்பிக்கங்கக்கா" என்றாள். அவள் திரும்பினாள். நன்றியா பயமா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை பார்த்தாள். வா என்று இவளும் ஒரு உத்தரவு போட்டுவிடலாம்தான். அதற்கு வாய் வரவில்லை. "ஒங்களுக்கு எங்க போகணுமோ, அத வாய்விட்டுக் கத்திச் சொல்லிப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

வாசலில் போனை வாங்கி, உயிர்ப்பிக்காமல் பைக்குள் போட்டாள். உறையையும் பட்டையையும் தட்டிலேயே விட்டுவிட்டாள்.

தில்லைநகரிலிருந்து பாலக்கரை வரை ஒருத்தி தனக்குத்தானே 'ரைட்' 'ரைட்' என்று கத்திக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆட்டோக்காரர் ஒருவர், "இந்த வண்டி எந்த டெப்போம்மா?" என்று கேட்டார். ஒவ்வொரு முனையிலும் கால் நின்றுவிடும். அவள் இடது பக்கம் என்பாள், அது திரும்பும். கன்டோன்மென்ட் தாண்டியபோது குரல் கட்டிப்போய்ச் சும்மா உதட்டை அசைத்தாள். அதற்கும் நடந்தது. அவளுக்கு அழுகையும் வந்தது, வேர்வையும் வந்தது, எது எதுவென்று துடைத்தவளுக்கே தெரியவில்லை.

பேச்சுவாக்கில் அவர் சொல்லியிருந்த அடையாளம் பிடித்து வந்து சேர்ந்த பிலோமின் அண்ணனின் வீடு, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. தம்பி மருமகள் கதவைத் திறந்தாள். கட்டிலில் மெலிந்த ஒரு மனிதர், மடியில் தொப்பி. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். செருப்பை, சுண்டுவிரலில் பச்சைத் துணியை, கணுக்காலில் இருந்த தழும்பைப் பார்த்தார். மூன்று வருஷமாக அவர் குனிந்து பார்த்த கால்.

"சஷ்டியா? ஐயோ, அவங்க உறையக் கழட்டிட்டாங்கம்மா. நான் தவிச்சுப் போயிட்டேன். என்னாச்சு?" பிறகு சட்டென்று நிறுத்தினார். "நீ எப்படி இங்க? யாரு சொல்லி வந்த?"

"யாரும் சொல்லலண்ணே."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வேலையை விட்டுவிட்டதையும் சொன்னாள். அது அவருக்கு என்ன என்பது சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது. அவர் விரல் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"அப்ப சனிக்கெழம?"

"இல்லண்ணே."

"வேற ஆளப் போடுறேம்பாங்க" என்றார். "வேணாம்னுருவேன். இனிமே எவ காலுல ஏறினாலும் இதே நெனப்புதான் வரும்." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

அறையின் மூலையில் ஒரு சக்கர நாற்காலி. மேலே துவைத்த துணி மலை போலக் குவிந்திருந்தது. தள்ளிக்கொண்டு போகிறதற்கு நான் என்ன கொய்யாப்பழ வண்டியா என்று அவர் ஒருமுறை சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. சஷ்டிகா துணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"என்ன பண்ற?"

"பாலத்துல காத்து வரும்ல இப்ப?"

"ஊரு பாக்கும்மா. உன் காலுல போனப்ப என்னய ஒருத்தனும் பாக்கல."

"பாக்கட்டும். நான் கத்திக்கிட்டே வந்தேன், என்னய பாக்கல?"

திட்டிக்கொண்டேதான் ஏறி உட்கார்ந்தார். தம்பி மருமகளும் ஒரு கை கொடுத்தாள். தெருவில் இறக்கியதும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார். பாலமா, மார்க்கெட்டா, இல்லை இதழியின் பள்ளி விடுகிற நேரமாயிற்றே, முதலில் அங்கேயா? சஷ்டிகா பிடியில் கை வைத்தபடி நின்றாள். அவருக்குத்தான் ஓரிடத்தில் தரிக்காதே. பழக்க தோஷத்தில் கத்திவிட்டார்.

"போலாம் ரைட்!"

கத்திய வாயை உடனே பொத்திக்கொண்டார். இருவரும் குனிந்து அவள் காலைப் பார்த்தார்கள்.

அது அசையவில்லை.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றாள் சஷ்டிகா. "எங்க போறதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணல."